தாத்தா ஷெட்டில் ஒரு எம்.ஜி. எஞ்சின்: என்ன விலை சொல்வது?

முத்தியால்பேட்டை பேரன் | ஞாயிறு காலை

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் பழைய வீட்டை அடுத்த மாதம் இடிக்கிறோம். பின்கட்டில் தாத்தாவின் மெக்கானிக் ஷெட் இருக்கிறது. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சைகோனில் பிரெஞ்சு ராணுவ லாரிகளைப் பழுதுபார்த்தவர். ஊர் திரும்பிய பிறகு கடைசிவரை இந்த ஷெட்தான் அவருக்கு எல்லாம்.

அங்கே மரச்சட்டத்தின் மேல் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிற்கிறது. அப்பாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறதாம். பிளாக்கின் பக்கவாட்டில் எட்டு மூலை உள்ள பித்தளைத் தகடு. அதில் ‘எக்ஸ்பிஏஜி’ என்ற எழுத்துகள், பக்கத்தில் நான்கு இலக்க எண். இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் கழற்றாமல் இருக்கின்றன. 2011இல் தானே புயலில் ஷெட்டின் ஓடு பறந்து சில நாள் மழையில் நனைந்தது. 2024 ஃபெஞ்சல் மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வந்து அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப் வரை ஏறியது. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு இப்போது துளிகூட அசையவில்லை.

காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். ஒரு புரோக்கர் 35,000 ரூபாய் என்றார். நேற்று சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து ஒன்றரை லட்சம் தருகிறேன், தகட்டை மட்டும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். வெளிநாட்டில் இதே எஞ்சினுக்குப் பவுண்டில் கேட்கும் விலையைப் பார்த்தால் இவை எல்லாமே குறைவாகத் தெரிகிறது. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தாத்தா பொருளை ஏமாந்து விற்றுவிடக் கூடாது என்பதுதான் கவலை.

ஓ.டி. லேத் | ஞாயிறு பகல்

தம்பி, முதல் வேலை: தகட்டின் போட்டோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். இங்கேயும் முழு எண்ணைப் போட வேண்டாம். அந்த எட்டு மூலைத் தகடு புதிதாகச் செய்து விற்கிறார்கள். எண் கையில் கிடைத்தால் வேறு ஒரு பிளாக்கில் அதைக் குத்தி ‘ஒரிஜினல்’ என்று விற்க ஒரு மணி நேரம் போதும்.

இரண்டாவது, கிராங்க்கைக் கம்பி போட்டு நெம்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு அப்படியே விடுங்கள். கழுவவும் வேண்டாம், பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். பளபளப்பாக இருந்தால் விலை கூடும் என்று நினைத்து எம்ரி தாளை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்த ஆள் அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எதை மறைக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார்.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். எக்ஸ்பிஏஜி என்பது எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் டி வரிசை ஸ்போர்ட்ஸ் கார்களில் வந்த 1250 சி.சி. எஞ்சின். இரட்டைக் கார்புரேட்டருடன் 54 குதிரைசக்தி. ஆனால் நம் ஊரில் இந்தப் பேரைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வர வேண்டும். இதன் நெருங்கிய சொந்தம் மாரிஸ் 10 காரின் எஞ்சின். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தக் காரைத்தான் இந்துஸ்தான் 10 என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாரிஸ் பிளாக்கில் எம்.ஜி. தகட்டை அடித்துவிட்டால் புதியவருக்குத் தெரியாது.

ஸ்பேனர் வைத்துப் பார்த்தும் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. இரண்டிலும் போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற இங்கிலீஷ் அளவு, மரை மட்டும் மெட்ரிக். முதல் உலகப் போரின்போது ஓட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. 1923இல் அதை மாரிஸ் வாங்கினார். மெஷின்கள் எல்லாம் மெட்ரிக் மரைக்கானவை. அவற்றை மாற்றாமல், இங்கிலீஷ் ஸ்பேனர் பொருந்தும்படி தலையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இந்த மரை பிடிபடாமல் பட்டறைகளில் எத்தனை பிளாக்குகளில் மரை வெட்டும் வேறு டேப்பை ஓட்டி நாசம் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் தாத்தா பிரெஞ்சு வண்டிகளில் கை பழகியவர். அதனால் மரைகள் நன்றாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

உறுதியாக வேறுபடுத்திக் காட்டுவது போர் அளவுதான், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம். இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ. எம்.ஜி.க்கு போர் 66.5, மாரிஸுக்கு 63.5. கணக்குப் போட்டால் முதலாவது 1250 சி.சி., இரண்டாவது 1140. ஹெட்டைத் திறந்தால்தான் அளக்க முடியும். அதை வீட்டில் செய்ய வேண்டாம். ஸ்டட் உடைந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வில்லியனூர் ஸ்பேர்ஸ் | ஞாயிறு மாலை

நான் 20 வருடமாகப் பழைய வண்டிப் பாகங்கள் வாங்கி விற்கிறேன். என் கருத்தைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜாம் ஆன எஞ்சினை முழுசாக விற்றால் வாங்குபவர் உள்ளே இருப்பது எல்லாமே குப்பை என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்வார். பாகம் பாகமாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஜோடி எஸ்.யூ. கார்புரேட்டர் மேனிஃபோல்டோடு தனி விலை. டைனமோவின் பின்பக்கத்தில் ஆர்.பி.எம். மீட்டருக்கான கியர் டிரைவ் இருந்தால் அதற்கே ஆள் காத்திருக்கிறார்கள். ராக்கர் கவர், துடுப்பு துடுப்பாக இருக்கும் அலுமினிய சம்ப், இரண்டும் உடனே போகும். கடைசியில் பிளாக் மட்டும் நிற்கும், அதைத் தகட்டோடு யாராவது வாங்குவார்கள்.

புரோக்கர் சொன்ன 35,000 ரூபாய் கார்புரேட்டரும் டைனமோவும் மட்டுமே தேறும் தொகை. அவர் மீதியை இலவசமாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை டி.டி. | ஞாயிறு இரவு

எங்கள் வீட்டில் 1952 எம்.ஜி. டி.டி. ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் இந்த எஞ்சினோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

தம்பி, தகட்டில் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் சாய்கோடு போட்டு வேறு எழுத்து ஏதாவது இருக்கிறதா? அது முக்கியம். என் காரில் எக்ஸ்பிஏஜி, சாய்கோடு, டிடி என்று வரும். டி.எஃப். காருக்கு டிஎஃப் என்று இருக்கும். எஸ்சி என்று இருந்தால் அது ஒய் வகை நான்கு கதவு சலூனின் எஞ்சின். அதே 1250 சி.சி.தான், ஆனால் ஒற்றைக் கார்புரேட்டர், 46 குதிரைசக்தி. அதில் பின்னாளில் இரட்டைக் கார்புரேட்டர் மாட்டி ஸ்போர்ட்ஸ் எஞ்சின் என்று சொல்வதுண்டு. இடையில் எதுவும் இல்லாமல் நேராக நான்கு இலக்க எண் வந்தால் அது டி.டி.க்கு முந்தைய மாடலான டி.சி. காலத்து எஞ்சின். 1945 முதல் 1949 வரை ஏறக்குறைய 10,000 டி.சி.தான் செய்தார்கள். டி.டி. 29,664 செய்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு டி.சி. மேல் தனி ஆசை உண்டு.

வில்லியனூர் அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பாகங்களுக்கு விலை உண்டு. ஆனால் அந்தப் பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பிஸ்டன், பேரிங், வால்வ், கிராங்க் ஷாஃப்ட் எல்லாம் காசு இருந்தால் வாங்கலாம். அந்த எண்ணோடு பிறந்த பிளாக்கை எங்கேயும் வாங்க முடியாது. எம்.ஜி.யின் அபிங்டன் தொழிற்சாலைப் பதிவுகளில் எந்தச் சேசிஸில் எந்த எஞ்சின் போனது என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். எம்.ஜி. கார் கிளப்பில் டி வரிசைக் கார்களுக்கான டி ரெஜிஸ்டரில் கேட்டால் வழி கிடைக்கும். உங்கள் எஞ்சின் எந்தக் காரிலிருந்து இறங்கியது என்பது தெரியாதவரை நீங்கள் கேட்கும் எந்த விலையும் குத்துமதிப்புதான். தாத்தா கணக்கு நோட்டு ஏதாவது வைத்திருந்தாரா? அதைத் தேடுங்கள். வீட்டை இடிப்பதற்கு முன்னால் தேடுங்கள்.

முத்தியால்பேட்டை பேரன் | திங்கள் இரவு

அக்கா, நன்றி. சாய்கோடு இல்லை. எழுத்துகள், பிறகு எண், அவ்வளவுதான். அப்படியானால் டி.சி.!

நோட்டு கிடைத்தது. மேசை டிராயரில் நாலைந்து இருந்தன, கரையான் பாதியைத் தின்றுவிட்டது. 1963 நோட்டில் ‘எம்.ஜி.’ என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் இருக்கிறது. பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். எனக்குப் படிக்கத் தெரியாது, அப்பாவும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அக்காவுக்குத் தனிச் செய்தியில் படம் அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். இங்கிலாந்திலேயே யாருக்காவது அனுப்பினால் நல்ல விலை வருமே, ஏன் எல்லோரும் உள்ளூர் விலையையே பேசுகிறீர்கள்?

மஞ்சக்குப்பம் வக்கீல் | செவ்வாய் காலை

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 1950 ஜனவரி 1க்கு முன் தயாரான பழங்காலக் கார்களும் அவற்றின் பாகங்களும் நம் நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் அனுப்ப முடியாது. டி.சி. 1949இல் முடிந்துபோன கார், ஆகவே இந்த எஞ்சின் அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. ‘இரும்பு உதிரிபாகம்’ என்று எழுதி அனுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பவுண்டு விலையைப் பார்த்து மனதை அலைய விட வேண்டாம். உங்கள் சந்தை இந்தியாவுக்குள்தான்.

உள்நாட்டில் ஒரு சாதகமும் இருக்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று தனி ஏற்பாடு கொண்டுவந்தார்கள். ‘விஏ’ என்ற எழுத்துகள் சேர்ந்த தனி எண், 10 வருடச் செல்லுபடி. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. பழைய காரில் வேறு கம்பெனி எஞ்சினைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இது இடிக்கும். அவருடைய காரின் சொந்த எஞ்சின் உங்களிடம் இருந்தால் அவருக்கு அதன் அருமை வேறு.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: எஞ்சின் உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம். தாத்தா நோட்டு ஒரு ஆதாரம். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இன்னொன்று. வெறும் எஞ்சினுக்கு ஆர்.சி. கிடையாது. வாங்குபவர் தன் ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணை ஏற்ற வேண்டியிருக்கும், அப்போது அவர் உங்கள் விற்பனைப் பத்திரத்தைத்தான் காட்டுவார். அதனால் பத்திரத்தில் எண்ணை எழுதி, தகட்டின் படத்தையும் ஒட்டிக் கொடுங்கள்.

லாஸ்பேட்டை டி.டி. | செவ்வாய் இரவு

தம்பி, நோட்டைப் படித்தேன். தாத்தா எழுத்து அவ்வளவு அழகு. உங்களுக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

கார் எம்.ஜி., சொந்தக்காரர் திருப்பாதிரிப்புலியூர் டாக்டர் ஒருவர், கார் நம்பரும் இருக்கிறது. ‘ரியலெசே 1 மி.மீ.’ என்றால் போரை 1 மி.மீ. பெரிதாக்கியிருக்கிறார். ‘மோத்தர் தெபொசே’ என்றால் எஞ்சினை இறக்கியாயிற்று. அதன் கீழே அம்பாசடர் எஞ்சின் வாங்கிய செலவும், அதைப் பொருத்தத் தாங்கி செய்த கூலியும் எழுதியிருக்கிறார். பழைய எஞ்சினைக் கூலியில் கழித்துக்கொண்டதாக டாக்டரின் கையெழுத்தும் இருக்கிறது. வக்கீல் சார் கேட்ட ஆதாரம் இதுவே.

இன்னொரு வரியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘வில்ப்ரகேன் ஃபெலே’. கிராங்க் ஷாஃப்ட்டில் விரிசல் என்று அர்த்தம். அதனால்தான் இறக்கியிருக்கிறார். இந்த எஞ்சினில் கிராங்க் விரிசல் விடுவது தெரிந்த நோய். அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து கிராங்க் வரவழைப்பது நம் ஊர் டாக்டருக்கும் மெக்கானிக்குக்கும் எட்டாத காரியம்.

முத்தியால்பேட்டை பேரன் | புதன் காலை

இரவெல்லாம் தூக்கமில்லை. ஒரே பக்கம்தான் இது டாக்டர் காரின் எஞ்சின் என்று நிரூபிக்கிறது, அதே பக்கம்தான் கிராங்க் போய்விட்டது என்றும் சொல்கிறது. புரோக்கரிடம் நோட்டைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ‘அந்த வரியை மடித்துவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள், ஜாம் ஆன எஞ்சினில் எவன் பார்க்கப் போகிறான்’ என்கிறார். தாத்தா எழுதியதை மடிக்க எனக்குக் கை வராது. ஆனால் முழுசாகக் காட்டினால் விலை எவ்வளவு விழும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ஓ.டி. லேத் | புதன் மாலை

மடிக்காதீர்கள் தம்பி. மடித்தால் அந்தக் காகிதத்துக்கே மதிப்பில்லை. குறையை எழுதி வைத்திருப்பதால்தான் அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் வாங்குபவர் நம்புவார்.

விலையைப் பற்றி நான் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். ஓடும் நிலையில், சரியாக ஓவர்ஹால் செய்த இதே வகை எஞ்சினை இன்று இந்தியாவில் ஒருவர் தேடிப் பிடித்தால் என்ன கொடுப்பார்? அதிலிருந்து உங்கள் எஞ்சினை அந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழிக்க வேண்டும். அப்புறம், திறக்காத எஞ்சினில் என்ன இருக்கிறதோ என்ற பயத்துக்கு வாங்குபவர் ஒரு தொகையைக் கழிப்பார். பெரிய பள்ளம் விழுவது இந்த இடத்தில்தான். விரிசல் ஒரு கிராங்க்கில் என்று தெரிந்தால் ஒரு கிராங்க்கின் விலை, கப்பல் கூலி, சுங்கம், அவ்வளவுதான் கழியும். என்ன கோளாறு என்றே தெரியாமல் ஜாம் ஆகி நின்றால் பிளாக், ஹெட், கிராங்க் மூன்றுமே போயிருக்கும் என்று வைத்துக் கழிப்பார். தெரிந்த குறை தெரியாத குறையை விட மலிவு. புரோக்கரின் 35,000 இந்த மூன்றும் போனது என்ற கணக்கு.

சரி, எஞ்சினை என் பட்டறைக்கு எடுத்து வாருங்கள். முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் ஓ.டி.க்கு (பழைய டவுன்) டாடா ஏஸ் வாடகை மட்டும் உங்கள் செலவு. படுக்க வைக்காமல், அதே மரச்சட்டத்தோடு நிற்க வைத்துக் கயிறு கட்டுங்கள். திறந்து பார்க்க நான் காசு வாங்க மாட்டேன். இந்த எஞ்சினை நான் கடைசியாகத் தொட்டு ரொம்ப வருடம் ஆகிறது. உங்கள் தாத்தா வேலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது.

ஓ.டி. லேத் | ஞாயிறு இரவு

வெள்ளிக்கிழமை எஞ்சின் வந்தது. தம்பியும் அவர் அப்பாவும் கூடவே இருந்தார்கள். பார்த்ததை எழுதுகிறேன்.

சம்பிலிருந்து முதலில் தண்ணீர், பிறகு பழைய ஆயில். தண்ணீர் நின்ற உயரத்துக்கு உள்ளே துருக்கோடு இருக்கிறது. கீழ்ப்பக்கம்தான் பாதித்திருக்கிறது, பேரிங் கேப்புகள் காப்பாற்றக்கூடிய நிலை. ஹெட் ஸ்டட்டுகளுக்கு இரண்டு நாள் ஆயில் விட்டு, கொஞ்சம் சூடு காட்டி, இன்று காலை கழற்றினேன். ஒன்றுகூட உடையவில்லை. ஹெட்டில் தண்ணீர் போகும் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கின்றன. பழைய வகை அப்படித்தான் இருக்கும். தகட்டின் ரிவெட்டுகளைச் சுற்றி பிளாக்கின் பெயிண்டும் அழுக்கும் கலையாமல் ஒரே மாதிரி படிந்திருக்கின்றன. யாரும் பெயர்த்து அடித்த தகடு இல்லை என்பது என் கணிப்பு.

இரண்டாம் சிலிண்டர் பிஸ்டன்தான் துருவில் பிடித்திருந்தது. கரியைச் சுரண்டியதும் பிஸ்டன் தலையில் 040 என்று குத்தியிருக்கிறது. 40 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு), அதாவது சுமார் 1 மி.மீ. போர் கேஜ் வைத்து அளந்தேன். நான்கும் 67.5ஐச் சற்றே தாண்டுகின்றன. 66.5 உடன் தாத்தா நோட்டில் எழுதிய 1 மி.மீ.யைக் கூட்டுங்கள். மாரிஸ் இல்லை, எம்.ஜி.தான். அந்தக் காலத்துக் கையால் செய்த வேலை இவ்வளவு நேராக இருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

பிளாக், ஹெட் இரண்டுக்கும் சிவப்புச் சாயம் ஊற்றித் துடைத்து வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்த்தேன். பிளாக்கில் விரிசல் இல்லை. ஹெட்டில் ஒரு வால்வ் சீட்டுப் பக்கம் மெல்லிய கோடு இருக்கிறது, சீட் அடித்துச் சரிசெய்யலாம். கிராங்க்கில் தாத்தா சொன்னது சரி. பேரிங்கில் சுழலும் பின்பக்க ஜர்னலின் ஓரத்தில் விரிசல் கண்ணுக்கே தெரிகிறது. அதை மறுபடி ஓட்ட முடியாது. இரண்டாம் சிலிண்டரில் துரு குழி போட்டிருப்பதால் நான்குக்கும் உள்ளே ஸ்லீவ் என்ற குழாய் உறை போட்டு 66.5க்கே திரும்பக் கொண்டுவருவது நல்லது.

ஆக, புது கிராங்க், நான்கு ஸ்லீவ், பிஸ்டன் செட், பேரிங், ஹெட் வேலை. இதைக் கையெழுத்துப் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வில்லியனூர் ஸ்பேர்ஸ் | திங்கள் காலை

படித்தேன். பிளாக் நன்றாக இருப்பது பெரிய விஷயம், அதுவும் எண்ணோடு. என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், இதைப் பிரிக்க வேண்டாம். ஆனால் பாகங்களின் கூட்டுத்தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் அடிமட்ட விலை. எவ்வளவு பெரிய ஆள் வந்து பேசினாலும் அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. என் கணக்கில் கார்புரேட்டர் ஜோடி, டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், சம்ப், ராக்கர் செட், ஹெட் எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம் எங்கேயும் போகும். சென்னைக்காரர் சொன்ன ஒன்றரை லட்சம் அதற்கு மேல் 25,000தான். பிளாக்குக்கும் எண்ணுக்கும் அவர் போட்ட விலை அவ்வளவே.

மஞ்சக்குப்பம் வக்கீல் | புதன் இரவு

டாக்டர் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். திருப்பாதிரிப்புலியூர் வீட்டை விற்றுவிட்டார்கள், பேரன் எங்கள் மஞ்சக்குப்பத்திலேயே இருக்கிறார். கார் அவரிடம்தான் இருக்கிறது, அம்பாசடர் எஞ்சினோடு! வின்டேஜ் பதிவுக்கு எஞ்சின் தடையாக இருக்குமே என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாராம். நான் விலை எதுவும் பேசவில்லை. இரண்டு தரப்பும் நேரில் பார்த்துப் பேசட்டும்.

ஓ.டி. லேத் | புதன் இரவு

தம்பி, போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். டி.சி.யில் கார் எண்ணும் எஞ்சின் எண்ணும் சேர்ந்து குத்திய கியாரண்டி பிளேட் ஒன்று உண்டு. எஞ்சின் மாறினாலும் அந்த பிளேட்டை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். உங்கள் எண்ணை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை பேரன் | ஞாயிறு இரவு

இன்று அப்பாவோடு மஞ்சக்குப்பம் போய் வந்தேன். மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் பச்சை நிறக் கார், மேலே தார்ப்பாய். டாக்டரின் பேரன் ஐயா பிளேட்டைத் துணியால் துடைத்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் தகட்டின் படத்தைக் கையில் வைத்திருந்தேன். நான்கு இலக்கமும் ஒன்று. அப்பா அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பழைய ஆர்.சி. புத்தகத்தில் குதிரைசக்தி 10.97 என்று எழுதியிருக்கிறது. அதை லேத் அண்ணனுக்கு போனில் சொன்னேன். அந்தக் காலத்து வரிக் கணக்கு போரின் விட்டத்தை வைத்து வருவது, 66.5 மி.மீ.க்குச் சரியாக 10.97தான் வரும், 63.5க்கு 10 வரும், மாரிஸ் 10 என்ற பெயரே அதனால்தான் என்றார்.

நோட்டுப் பக்கத்தை மடிக்காமல் கொடுத்தோம். லேத் அண்ணனின் தாளையும் கொடுத்தோம். அவர் இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டு, கிராங்க் விலை தெரிந்ததும் பேசலாம் என்றார். அப்பா அதற்குள் தன் யோசனையைச் சொன்னார். விலை மூன்று லட்சத்து இருபதாயிரம். இரண்டு லட்சம் பத்திரம் எழுதும் அன்று. மீதி, எஞ்சின் ஸ்லீவ் போட்டு, பிளாக்கைத் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, ஒழுகவில்லை என்று லேத் அண்ணன் எழுதிக் கொடுத்த பிறகு. ஒழுகினால் மீதியைக் கேட்க மாட்டோம். ஐயா ஒத்துக்கொண்டார். சென்னைக்காரர் இதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருப்பாரோ என்னவோ, அதைப் பற்றி இப்போது எங்களுக்கு நினைப்பு இல்லை.

நோட்டின் அசல் எங்களிடமே இருக்கும், அவருக்கு நகல். அவர் கேட்டது இன்னும் ஒன்றே ஒன்று: முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது அப்பா வர வேண்டும் என்று.

ஓ.டி. லேத் | திங்கள் காலை

நல்லது தம்பி. புது கிராங்க் வந்து சேர நாள் ஆகும். அதுவரை எஞ்சின் என் பட்டறையிலேயே இருக்கட்டும். போர் நான்கிலும் கிரீஸ் தடவி மூடி வைத்திருக்கிறேன், கடல் காற்று இங்கேயும் சும்மா விடாது. அந்த மரச்சட்டத்தை மட்டும் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். போல்ட் ஓட்டைகள் எல்லாம் அளவெடுத்துத் துளைத்தவை. வேலை முடிந்து திருப்பி ஏற்றும்போது எனக்கு அதுவேதான் வேண்டும்.